என்.பி.ஏ. ஃப்ரீ ஏஜென்சியில் சம்பள வரம்பைக் கையாள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஜூன் 30 மாலை 6 மணிக்கு, அதாவது இந்திய, இலங்கை நேரப்படி ஜூலை 1 அதிகாலை 3.30 மணிக்கு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஃப்ரீ ஏஜென்சி தொடங்குகிறது. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் எந்த அணியுடனும் பேசலாம் என்ற நிலை வந்த சில மணி நேரத்திலேயே நூற்றுக்கணக்கான கோடி டாலருக்கு வாய்மொழி உடன்பாடுகள் ஏற்பட்டுவிடுகின்றன. வரம்பைத் தாண்டிய அணி ஒன்று தன் நட்சத்திரத்துக்கு அள்ளிக் கொடுப்பதும், வரம்புக்குள் இருக்கும் இன்னொரு அணி கையைப் பிசைந்துகொண்டு நிற்பதும் ஏன் என்று அப்போதெல்லாம் கேள்வி எழுகிறது. கீழே உள்ள பதில்கள் லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தத்தையும், வேறு சீசன் குறிப்பிடப்படாத இடங்களில் 2025-26 சீசனின் தொகைகளையும் அடிப்படையாகக் கொண்டவை.

சம்பள வரம்பு என்பது என்ன? அதை யார் நிர்ணயிக்கிறார்கள்?

ஓர் அணி தன் வீரர்களுக்கு ஒரு சீசனில் தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் எல்லையே சம்பள வரம்பு. இன்றைய வடிவில் அது 1984-85 சீசனில் 36 லட்சம் டாலராகத் தொடங்கியது. 2025-26 சீசனில் 15.46 கோடி டாலராக இருக்கிறது. லீக்கின் கூடைப்பந்து வருமானத்தில் ஏறத்தாழப் பாதி வீரர்களுக்குச் சேர வேண்டும் என்று அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்துதான் இந்தத் தொகை கணக்கிடப்படுகிறது. ஆகவே தொலைக்காட்சி உரிமைக்கு வரும் பணம் கூடினால் வரம்பும் கூடும். டிஸ்னி, என்.பி.சி. யுனிவர்சல், அமேசான் ஆகியவற்றுடன் 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7,600 கோடி டாலர் மதிப்பில் செய்யப்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் 2025-26இல்தான் தொடங்கியது.

ஆனால் வரம்பு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்று இப்போது விதி இருக்கிறது. 2016இல் அப்படி ஒரு தடுப்பு இல்லாததால் வரம்பு 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்கு ஒரே தாவலில் ஏறியது. அதற்கு முந்தைய சீசனில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணி, ஸ்டீபன் கரி 1.21 கோடிக்கே ஆடிக்கொண்டிருந்த பழைய ஒப்பந்தத்தின் துணையோடு கெவின் டுரான்ட்டையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் கோடையின் நினைவு இன்றைய விதிகள் பலவற்றில் படிந்திருக்கிறது.

வரம்பு 15.46 கோடி என்றால், பல அணிகள் அதைத் தாண்டிச் செலவழிப்பது எப்படி?

என்.பி.ஏ.வின் வரம்பு நெகிழ்வானது. அமெரிக்கக் கால்பந்து லீக்கிலும் ஐஸ் ஹாக்கி லீக்கிலும் இருப்பதுபோல் ஒரு டாலர்கூடத் தாண்டக்கூடாத சுவர் அன்று. வரம்புக்குக் கீழே காலி இடம் வைத்திருக்கும் அணி அந்த இடத்துக்குள் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். இடமில்லாத அணி, விதிப்புத்தகம் தரும் விதிவிலக்குகள் வழியாக மட்டுமே வீரர்களைச் சேர்க்கலாம். அவற்றுள் முதன்மையானது, பாஸ்டன் வீரர் லாரி பேர்டின் பெயரால் வழங்கும் பேர்ட் உரிமை. இடையில் வேறு அணிக்கு ஃப்ரீ ஏஜென்டாகப் போகாமல் மூன்று சீசன் ஆடிய தன் வீரரை, வரம்பைத் தாண்டியிருந்தாலும், அவருக்குரிய உச்சச் சம்பளம் வரை கொடுத்து அணி தக்கவைத்துக்கொள்ளலாம். இரண்டு சீசன் மட்டுமே ஆடியிருந்தால் பொதுவாக முந்தைய சம்பளத்தில் 175 சதவீதம் வரையிலும், ஒரே சீசன் என்றால் 120 சதவீதம் வரையிலும் மட்டுமே தரமுடியும். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடு வழியாக வந்த வீரருக்கு, பேர்ட் உரிமைக்கு எண்ணப்படும் அவருடைய ஆண்டுகளும் கூடவே வந்துவிடும். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் வீரருக்காக டிரேடு கெடு முடியும் பிப்ரவரியில் அணிகள் விலை கொடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு பெரிய வீரரை இழந்தால், அவருடைய சம்பளம் அளவுக்கு இடம் கிடைத்துவிடும் அல்லவா?

பெரும்பாலும் கிடைக்காது. ஓர் அணியின் மொத்தச் சம்பளம் 19 கோடி, வெளியேறிய வீரரின் சம்பளம் 3 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனபின் மொத்தம் 16 கோடி. அது இன்னும் வரம்புக்கு மேலேதான் இருக்கிறது. அவரைத் தக்கவைக்க இருந்த 3 கோடிக்கான உரிமை அவருக்கு மட்டுமே உரியது. அதை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க வழியில்லை. 2024இல் பால் ஜார்ஜ் கிளிப்பர்ஸ் அணியைவிட்டுப் போனபோது அந்த அணிக்கு அவர் சம்பளத்தின் அளவுக்கு இடம் உருவாகவில்லை. பின்னால் விளக்கப்படும் ஏப்ரன் என்ற மேல்தட்டு எல்லைகளுக்குக் கீழே இறங்கியதால், வெளியாள் ஒருவரை எடுக்க உதவும் முழு மிட்-லெவல் விதிவிலக்கு மட்டும் மீண்டும் கைக்கு வந்தது. அதைக் கொண்டு டெரிக் ஜோன்ஸ் ஜூனியரை மூன்று ஆண்டு, 3 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். வெளியே போனவருக்கும் உள்ளே வந்தவருக்கும் இடையே ஆண்டுச் சம்பளத்தில் மட்டும் 4 கோடி டாலருக்கு நெருக்கமான இடைவெளி இருந்தது.

கேப் ஹோல்ட் என்கிறார்களே, அது எதற்கு?

ஃப்ரீ ஏஜென்சிக் கணக்கின் இதயமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்த வீரர் இன்னும் கையெழுத்திடவில்லை என்பதற்காக அவரை அணியின் கணக்கிலிருந்து லீக் நீக்கிவிடுவதில்லை. அப்படி நீக்கினால், ஓர் அணி தன் வீரர்கள் எல்லோரையும் ஒப்பந்தமில்லாமல் நிறுத்திவைத்து, காலியான இடத்தில் வெளியாட்களை எடுத்துக்கொண்டு, பிறகு பேர்ட் உரிமையால் தன் ஆட்களையும் திரும்ப எடுத்துவிடும். அதைத் தடுக்கவே ஒவ்வொரு ஃப்ரீ ஏஜென்டின் பெயரிலும் ஒரு தொகை கேப் ஹோல்டாகப் பிடித்துவைக்கப்படுகிறது. அது அவருடைய முந்தைய சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம். டிராஃப்ட் எனப்படும் புதுமுக வீரர் தேர்வின் முதல் சுற்றில் தேர்வாகி, புதுமுக ஒப்பந்தத்தை முடித்து வரும் வீரரின் சம்பளம் லீக் சராசரிக்குக் குறைவாக இருந்தால் அது 300 சதவீதம். வீரருக்கான உரிமையைத் துறந்தால் அந்தத் தொகை கணக்கிலிருந்து போய்விடும். பேர்ட் உரிமையும் கூடவே போய்விடும்.

இங்கேதான் வரிசை முக்கியமாகிறது. முந்தைய சம்பளம் சிறியதாகவும் இனி வரவேண்டிய சம்பளம் பெரியதாகவும் இருக்கும் இளம் வீரரின் கேப் ஹோல்ட், அவருடைய உண்மையான ஒப்பந்தத்தைவிட மிகக் குறைவாக இருக்கும். அவர் கையெழுத்தைத் தள்ளிப்போடச் சம்மதித்தால், இடைப்பட்ட அந்தத் தொகை அணிக்கு இடமாகக் கிடைக்கும்.

2024இல் பிலடெல்ஃபியா செய்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அந்த சீசனின் வரம்பு 14.06 கோடி டாலர். ஜோயல் எம்பீடின் சம்பளம் 5.14 கோடி, டைரீஸ் மேக்சியின் கேப் ஹோல்ட் 1.30 கோடி, முதல் சுற்றில் எடுத்த புதுமுக வீரருக்கு ஏறத்தாழ 40 லட்சம். பன்னிரண்டு பேருக்குக் குறைவாக இருக்கும் அணிக்கு, காலியாக இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் புதுமுக வீரரின் குறைந்தபட்சச் சம்பளத்தை லீக் கணக்கில் சேர்க்கும். அது எட்டு இடங்களுக்கு 93 லட்சம். பால் ஜார்ஜின் உச்சச் சம்பளமான 4.92 கோடியையும் கூட்டினால் மொத்தம் 12.69 கோடிதான் வருகிறது. இன்னும் சிறிது மிச்சமும் இருக்கிறது. மேக்சி முதலிலேயே தன் 3.51 கோடிக்குக் கையெழுத்திட்டிருந்தால் மொத்தம் 14.90 கோடியாகி வரம்பைத் தாண்டியிருக்கும்; ஜார்ஜுக்கு முழுச் சம்பளம் தரமுடிந்திருக்காது. அதனால் ஜார்ஜ் நான்கு ஆண்டு, 21.2 கோடி ஒப்பந்தத்தில் முதலில் வந்தார். பேர்ட் உரிமையின் துணையோடு மேக்சி ஐந்து ஆண்டு, 20.4 கோடி ஒப்பந்தத்தில் பிறகு கையெழுத்திட்டார். 2015இல் சான் அன்டோனியோவும் இதே வழியில்தான் காவை லெனார்டை ஏறத்தாழ 72 லட்சம் டாலர் கேப் ஹோல்டில் காத்திருக்க வைத்து, லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜை வெளியிலிருந்து எடுத்தது.

பிலடெல்ஃபியாவின் திட்டம் ஒரு கோடையில் முளைத்தது அன்று. 2023 இலையுதிர் காலத்தில் மேக்சிக்கு நீட்டிப்பு ஒப்பந்தம் தராமல் விட்டபோதே அதற்கான இடம் தயாராகிவிட்டது. ஓர் ஆண்டு காத்திருக்க ஓர் இளம் வீரர் சம்மதிப்பதற்கு அவருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே நம்பிக்கை வேண்டும். எந்தக் கணக்காளராலும் அதை உருவாக்கித் தரமுடியாது. அந்த சீசனில் எம்பீட் 19 ஆட்டங்களும் ஜார்ஜ் 41 ஆட்டங்களும் மட்டுமே ஆட, அணி 24 வெற்றி, 58 தோல்வியோடு முடித்தது. உடற்காயத்தின் அபாயத்தை எடைபோட்டதில் குறை சொல்ல இடமிருக்கலாம். கணக்கில் குறை இல்லை.

இடமில்லாத அணி வெளியாட்களை எடுக்க என்னென்ன வழிகள் உள்ளன?

முழு மிட்-லெவல் விதிவிலக்கு 1.41 கோடி டாலரில் தொடங்கும் நான்கு ஆண்டு ஒப்பந்தம் வரை அனுமதிக்கிறது. ஆடம்பர வரி கட்டும் நிலையில் உள்ள அணிக்கான சிறிய மிட்-லெவல் 56.85 லட்சம் டாலர், இரண்டு ஆண்டு மட்டுமே. காலி இடத்தைப் பயன்படுத்திய அணி முழு மிட்-லெவலை இழந்து, அதற்குப் பதிலாக 87.8 லட்சம் டாலருக்கு ஒரு விதிவிலக்கைப் பெறும். இவை தவிர, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எத்தனை பேரை வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்து ஆண்டு அனுபவமுள்ள வீரரின் குறைந்தபட்சம் 36.3 லட்சம் டாலர். ஆனால் ஓர் ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால் அணியின் கணக்கில் 22.96 லட்சம்தான் ஏறும், மிச்சத்தை லீக் தரும். வயது முதிர்ந்த வீரர்களை எடுக்க அணிகள் தயங்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

காலி இடம் உருவாக்குவதா, வரம்புக்கு மேலேயே இருந்துகொள்வதா என்று முடிவெடுப்பதற்கு முன் இந்த இழப்பையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கோடிக்கும் குறைவான இடத்துக்காகத் தன் வீரர்களின் உரிமைகளைத் துறந்து, முழு மிட்-லெவலையும், முந்தைய டிரேடுகளிலிருந்து மிஞ்சிய விதிவிலக்குகளையும் கைவிடும் அணி, கூட்டிக் கழித்தால் நஷ்டத்தில்தான் நிற்கும்.

ஆடம்பர வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

மொத்தச் சம்பளம் 18.79 கோடி டாலரைத் தாண்டினால் வரி. அது படிப்படியாக ஏறும்: முதல் 56.85 லட்சத்துக்கு ஒரு டாலருக்கு ஒரு டாலர், அடுத்த 56.85 லட்சத்துக்கு 1.25 டாலர், மூன்றாவது படிக்கு 3.50, நான்காவதற்கு 4.75 என்று போகும். அந்தக் கோட்டை ஒரு கோடி தாண்டிய அணிக்கு வரி 1.11 கோடி. இரண்டு கோடி தாண்டிய அணிக்கு வரி 4.67 கோடி. அதாவது இரண்டாவது கோடிக்கு மட்டும் மூன்றரைக் கோடிக்கு மேல் வரி. முந்தைய நான்கு சீசன்களில் மூன்றில் வரி கட்டிய அணிக்கு இதே இரண்டு கோடிக்கு 8.67 கோடி டாலர் ஆகிவிடும். ஓர் அணி தன் ஏழாவது, எட்டாவது வீரரைத் தக்கவைப்பதா என்று யோசிக்கும்போது, அவருடைய சம்பளத்தோடு அவர் இழுத்துவரும் வரியையும் சேர்த்தே அவர் விலை என்று பார்க்க வேண்டும்.

முதல் ஏப்ரன், இரண்டாவது ஏப்ரன் என்பவை எவை?

வரிக் கோட்டுக்கு மேலே இருக்கும் இரண்டு எல்லைகள். முதலாவது 19.59 கோடி, இரண்டாவது 20.78 கோடி டாலர். வரி பணத்தைத்தான் வாங்குகிறது. ஏப்ரன் விதிகள் அணியின் கைகளைக் கட்டுகின்றன. பணக்கார உரிமையாளர்கள் வரியைப் பொருட்படுத்தாமல் போனதால்தான் 2023இல் இவை இவ்வளவு இறுக்கப்பட்டன.

முதல் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணியால் முழு மிட்-லெவலைப் பயன்படுத்த முடியாது. ஒரு வீரரின் பழைய அணி அவரோடு ஒப்பந்தம் செய்து உடனே வேறு அணிக்கு அனுப்பும், கையெழுத்திட்டு டிரேடு செய்யும் முறையில் வெளி வீரரைப் பெற முடியாது. டிரேடில் அனுப்பும் சம்பளத்தைவிட அதிகமாகத் திரும்பப் பெறவும் முடியாது. இரண்டாவது ஏப்ரனைத் தாண்டினால், சிறிய மிட்-லெவலும் கிடையாது, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரருக்குக் கொடுக்கவும் வழியில்லை, டிரேடில் ரொக்கமும் அனுப்ப முடியாது. அதோடு, ஏழு ஆண்டுகளுக்குப் பிந்தைய டிராஃப்டில் முதல் சுற்றுத் தேர்வுரிமை, டிரேடு செய்ய முடியாதபடி முடக்கப்படும். அடுத்த நான்கு சீசன்களில் இரண்டில் மீண்டும் இந்தக் கோட்டைத் தாண்டினால் அந்தத் தேர்வுரிமை முதல் சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். 2024-25இல் பாஸ்டன், ஃபீனிக்ஸ், மின்னசோட்டா ஆகிய மூன்றும் இந்த நிலையில் இருந்தன.

அடுத்த கோடையில் பாஸ்டன் என்ன செய்தது என்று பார்த்தால் இந்த விதிகளின் கனம் புரியும். 2024இல் பட்டம் வென்ற அணி அது. ஜேசன் டேட்டமுக்கு 2025 மே மாதம் குதிகால் தசைநார் அறுந்த பிறகு, ஜூ ஹாலிடேயை போர்ட்லாந்துக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் டிரேடு செய்து இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே இறங்கியது. கோப்பையை வென்று ஓராண்டு கழிந்த உடனேயே அந்த அணியைப் பிரிக்க வேண்டிவந்தது ரசிகர்களுக்கு வலிதான். ஆயினும், டேட்டம் பெரும்பாலும் இல்லாத ஒரு சீசனுக்காக எதிர்காலத் தேர்வுரிமைகளை அடகு வைப்பதைவிட அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து.

ஹார்ட் கேப் எப்போது வருகிறது?

ஹார்ட் கேப் என்பது தாண்டவே கூடாத எல்லை; அணியே அதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. முழு மிட்-லெவலைப் பயன்படுத்தினாலோ, கையெழுத்திட்டு டிரேடு செய்யும் முறையில் ஒருவரைப் பெற்றாலோ, அந்த சீசன் முடியும்வரை முதல் ஏப்ரனை எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது. சிறிய மிட்-லெவலைப் பயன்படுத்தினால் இரண்டாவது ஏப்ரன் அப்படி ஒரு சுவராகிவிடும். ஜூலையில் போட்ட ஒரு கையெழுத்தால், பிப்ரவரியில் காயமடைந்தவருக்கு மாற்றாகக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக்கூட ஒருவரை எடுக்க முடியாமல் போகலாம்.

கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட் என்றால் என்ன?

வேறு அணி தரும் ஒப்பந்தத்தை அப்படியே ஏற்றுத் தன் அணி தக்கவைத்துக்கொள்ளும் உரிமைக்கு உட்பட்டவர். பெரும்பாலும் புதுமுக ஒப்பந்தம் முடிந்த இளம் வீரர். எதிரணி அந்த உரிமையைச் சுமையாக மாற்றவும் முடியும். 2012இல் ஜெரமி லின்னுக்கு ஹியூஸ்டன் தந்த மூன்று ஆண்டு, 2.51 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 1.49 கோடி மூன்றாம் ஆண்டில் மட்டும் இருந்தது. நியூயார்க் அதை ஏற்றிருந்தால் அந்த ஆண்டின் வரி பல மடங்காகியிருக்கும் என்பதால் அவரை விட்டுவிட்டது.

வேண்டாத ஒப்பந்தத்தை நீக்கி இடம் உண்டாக்க முடியுமா?

முடியும், விலை உண்டு. வீரரை விடுவித்து, மிச்சச் சம்பளத்தை எஞ்சிய ஆண்டுகளின் இரு மடங்குடன் ஓர் ஆண்டைக் கூட்டி நீட்டிக்கும் விதி இருக்கிறது. 2025 ஜூலையில் மில்வாக்கி இதை இதுவரை காணாத அளவில் பயன்படுத்தியது. டேமியன் லில்லார்டுக்கு இரண்டு ஆண்டுகளில் 5.41 கோடியும் 5.85 கோடியுமாக ஏறத்தாழ 11.26 கோடி டாலர் மிச்சம் இருந்தது. அவரோ குதிகால் தசைநார் அறுந்து சீசன் முழுவதும் ஆடமுடியாத நிலையில் இருந்தார். அந்தத் தொகையை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பியதும், அந்த ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ 2.25 கோடியாகச் சுருங்கியது. கிடைத்த இடத்தில் இண்டியானாவிலிருந்து மைல்ஸ் டர்னரை நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ஆனால் 2029-30 வரை ஒவ்வோர் ஆண்டும் அந்த அணியின் கணக்கில், அங்கே ஆடாத ஒருவருக்காக, 2.25 கோடி நிற்கும்.

இப்படிப் பரப்பிய தொகைகள் ஓர் ஆண்டில் வரம்பின் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதே மாதம் ஃபீனிக்ஸ் பிராட்லி பீலை விடுவித்தபோது அவர் ஒரு கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்த பிறகே கணக்கு இந்த எல்லைக்குள் அடங்கியது.

வீரர் தானே குறைத்து வாங்கிக்கொள்ளலாமா?

தாராளமாக. 2024இல் ஜேலன் பிரன்சன் நியூயார்க்குடன் நான்கு ஆண்டு, 15.65 கோடி டாலர் நீட்டிப்பில் கையெழுத்திட்டார். ஓர் ஆண்டு பொறுத்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 26.9 கோடி கிடைத்திருக்கலாம். ஒப்பந்தத்துக்கு வெளியே ஈடு செய்வதாக இரகசிய வாக்கு கொடுப்பதுதான் குற்றம். 2000இல் ஜோ ஸ்மித் விவகாரத்தில் மின்னசோட்டாவுக்கு 35 லட்சம் டாலர் அபராதமும், ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளின் பறிப்பும் தண்டனையாக விதிக்கப்பட்டன; பின்னர் தேர்வுரிமைகளில் சில திருப்பித் தரப்பட்டன. 2022இல் பிலடெல்ஃபியாவின் ஜேம்ஸ் ஹார்டன் 4.7 கோடி டாலர் தரும் ஒப்பந்த ஆண்டை விட்டுவிட்டு 3.3 கோடிக்கு ஆடினார். அப்போது கிடைத்த இடத்தில் வந்த பி.ஜே. டக்கர், டானுவல் ஹவுஸ் ஆகியோருடன் பிலடெல்ஃபியா குறித்த நேரத்துக்கு முன்பே பேசியதாகக் கண்டறிந்த லீக், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமைகளைப் பறித்தது.

கையெழுத்து எப்போது செல்லுபடியாகும்?

ஜூலை 6 நண்பகல் வரை பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்திட முடியாது. அதுவரை எல்லாம் வாய்மொழிதான். தன் சொந்த ஃப்ரீ ஏஜென்டுகளுடன் மட்டும், இறுதிப் போட்டித் தொடர் முடிந்த மறுநாளிலிருந்தே அணி பேசலாம். 2024இல் வந்த மாற்றம் இது. இந்த இடைவெளியில்தான் மேலே சொன்ன வரிசைகள் அடுக்கப்படுகின்றன: எந்த டிரேடு முதலில், எந்த உரிமைத் துறப்பு அடுத்து, எந்தக் கையெழுத்து கடைசியில் என்று.

அக்டோபரில் வரிக் கோட்டுக்கு மேலே இருந்தால் வரி உறுதியா?

இல்லை. வழக்கமான சீசனின் கடைசி நாளில் அணியின் கணக்கில் இருக்கும் சம்பளத்தை வைத்தே வரி கணக்கிடப்படுகிறது. கோட்டைச் சிறிதளவே தாண்டிய அணிகள், பிப்ரவரி டிரேடு கெடு முடிவதற்குள் ஒரு மாற்று வீரரையும் அவரோடு ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையையும் இடமுள்ள அணிக்கு அனுப்பிவிட்டுக் கோட்டுக்குக் கீழே இறங்குவது வழக்கம். வரி கட்டாத அணிகளுக்கு வரித்தொகையில் ஒரு பங்கும் பகிர்ந்தளிக்கப்படுவதால், அப்படி இறங்கும் அணி மிச்சம் பிடிப்பதோடு அந்தப் பங்கையும் பெறுகிறது.